சட்டியில் மிஞ்சும் எண்ணெய் எங்கே போகிறது?

எண்ணெய் வியாபாரத்தில் எதையும் வீணடிக்கும் வழக்கம் நமக்கு என்றைக்கும் இருந்ததில்லை. கடலையை உடைத்தால் தோடு பாய்லருக்கும் செங்கல் சூளைக்கும் போகும். பருப்பை ஆட்டினால் எண்ணெய் ஒரு பக்கம், பிண்ணாக்கு ஒரு பக்கம். பிண்ணாக்கு மாட்டுக்கும் வயலுக்கும் ஆகும். தொட்டியின் அடியில் தங்கும் கசண்டைக்கூட சோப்புக்காரர் வந்து அள்ளிக்கொண்டு போவார். சாக்கு கிழிந்தால் தைப்போம். தைக்கவே முடியாத சாக்கைப் பிரித்து மூட்டை வாயைக் கட்டுவோம். இப்போது பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு 'மறுசுழற்சி' என்று பாடம் வைத்திருக்கிறார்கள். விருதுநகரில் எங்கள் தகப்பனார் கடை வைத்திருந்த நாளில் அந்தச் சொல் யாருக்கும் தெரியாது. காரியம் மட்டும் நடந்துகொண்டிருந்தது.

இப்படியே பெருமை பேசிக் கட்டுரையை முடித்துவிடலாம். ஆனால் 'வீணடிக்காதே' என்ற இதே பழக்கத்தினால் நம் வியாபாரத்தில் ஒரு கெட்ட காரியமும் வெகுகாலமாக நடந்துவருகிறது. பொரித்து மிஞ்சிய எண்ணெய் மறுபடி இன்னொருவர் சட்டிக்குப் போவதைத்தான் சொல்கிறோம். அதை நிறுத்தவும் வேண்டும், சரக்கும் வீணாகக் கூடாது, கொடுப்பவருக்கும் நாலு காசு கிடைக்க வேண்டும். இதற்கு இன்று ஒரு வழி வந்திருக்கிறது. அதைப் பற்றி நம் உறுப்பினர்களிடம் மனம்விட்டுப் பேச விரும்புகிறோம்.

எங்கள் கடையில் நடந்தது

முதலில் எங்கள் கதையைச் சொல்லிவிடுகிறோம். பிறர் கதையைச் சொல்லி நாங்கள் நல்லவர்களாகிவிடக் கூடாது.

தொண்ணூறுகளில் பலகாரம் போடும் வாடிக்கைக்காரர் ஒருவர் எங்களிடம் பாமாயில் டின் டின்னாக எடுத்துவந்தார். காராச்சேவு, மிக்சர், ஓமப்பொடி என்று ராப்பகலாக அடுப்பு எரியும். வாரம் ஒருமுறை எங்கள் வண்டி காலி டின்னை எடுக்கப் போகும்போது அதில் நாலைந்து டின்னில் கறுத்த எண்ணெயை நிரப்பி அனுப்புவார். "இதை யாருக்காவது தள்ளிவிடுங்க அண்ணாச்சி, கணக்குல கழிச்சுக்கிடுவோம்" என்பார். நாங்கள் அதைத் துணியில் வடிகட்டி, தள்ளுவண்டி பஜ்ஜிக் கடைகளுக்கும் தெருமுனை வடைக் கடைகளுக்கும் பாதி விலையில் கொடுத்தோம். பேரேட்டில் அதற்குத் தனித் தலைப்பே உண்டு: 'சட்டி எண்ணெய்'. ஏழெட்டு வருஷம் இது நடந்தது. வாங்கியவர்கள் கும்பிட்டு வாங்கிப்போனார்கள். ஏழைக்கு உதவி செய்வதாகக்கூட எங்களுக்கு ஒரு நினைப்பு இருந்தது.

ஒருநாள் வண்டிக்கடைக்காரர் ஒருவரின் மனைவி அரை டின் எண்ணெயைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். "அண்ணாச்சி, இது காஞ்சாலே கண்ணு எரியுது. அடுப்புப் பக்கத்துல இருக்கிற பிள்ளைக்கு இருமல் நிக்க மாட்டேங்குது. காசு வேண்டாம், இதை வச்சுக்கிடுங்க" என்றார். கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. புது டின் ஒன்றைக் கடனில் கொடுத்தனுப்பினோம். அந்த மாதத்தோடு அந்தத் தலைப்பைப் பேரேட்டிலிருந்து எடுத்துவிட்டோம்.

நாங்கள் நிறுத்தியதால் எண்ணெய் நின்றதா என்றால் இல்லை. அடுத்த மாதமே ஒரு தரகர் அந்தப் பலகாரக்காரரிடம் நேரே போய் எடுக்க ஆரம்பித்தார். அதுவும் எங்களைவிடக் கிலோவுக்கு ஒரு ரூபாய் கூடுதலாகக் கொடுத்து. ஒரு கடைக்காரர் யோக்கியனாகிவிட்டதால் சரக்கு தன் வழியை மாற்றிக்கொள்வதில்லை என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டோம். அது போவதற்கு வேறொரு வாசல் இருக்க வேண்டும்.

எண்ணெய் எப்படிக் கெடுகிறது

காறல் வாடை, நிறம், கைப்பதம் இவற்றை வைத்து எண்ணெயைச் சொல்லிவிடுவோம் என்பது நம்மவர்களுக்கு ஒரு கர்வம். ஆனால் பொரித்த எண்ணெயின் கெடுதலை மூக்கும் கண்ணும் மட்டும் சொல்லிவிடாது. உயர்ந்த சூட்டில், காற்றும் பொருளின் ஈரமும் சேர, எண்ணெய் உடைந்து பல புதுச் சேர்மானங்கள் உண்டாகின்றன. ஆங்கிலத்தில் இவற்றை டோட்டல் போலார் காம்பவுண்ட்ஸ் என்கிறார்கள், சுருக்கமாக டி.பி.சி. புது எண்ணெயிலும் இது சில சதவீதம் இருக்கும். காயக் காய ஏறும். எண்ணெய் பிசின்போல் கனத்துப்போவதும், சட்டி ஓரத்தில் ஒட்டிய பழுப்பு நிறம் சுரண்டினாலும் வராததும், நுரை அடங்காததும் இதன் அடையாளங்கள். கண்ணை எரிக்கும் அந்தப் புகையில் அக்ரோலின் என்ற காட்டமான பொருள் இருக்கிறது. அந்த அம்மாளின் பிள்ளை இருமியதற்கு அதுவே காரணம் என்று அடித்துச் சொல்ல நாங்கள் வைத்தியர்கள் இல்லை. அதற்குப் பங்கில்லை என்று சொல்லவும் எங்களுக்கு வாய் வரவில்லை. இப்படிக் கெட்ட எண்ணெயை இரத்தக் கொதிப்பு, இரத்தக் குழாய் அடைப்பு, கல்லீரல் நோய் ஆகியவற்றோடு தொடர்புபடுத்தி உணவுப் பாதுகாப்புத் துறை எச்சரித்திருக்கிறது.

இதில் கடைக்காரர்கள் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. நம் ஊர்ப் பொரித்த பரோட்டாக் கடையைப் பாருங்கள். ராத்திரி ஏழு மணிக்குக் கூட்டம் ஏறிவிட்டால் கல்லில் எண்ணெய் நிற்பதில்லை. பரோட்டா குடித்துக்கொண்டே போகும், அவர் டின்னிலிருந்து ஊற்றிக்கொண்டே இருப்பார். ஓடும் கடையில் எண்ணெய் அவ்வளவு சீக்கிரம் கெடுவதில்லை. வியாபாரம் மந்தமான கடையில்தான் ஒரே எண்ணெய் நாலு மணியிலிருந்து பத்து மணி வரை சும்மா காய்ந்துகொண்டிருக்கும். மறுநாள் அதன் தலையில் அரைக் கிலோ புது எண்ணெயை ஊற்றுவார். பழையது புதியதையும் சேர்த்துக் கெடுக்கும். ஆக, பழைய எண்ணெயை யாரால் கீழே ஊற்ற முடியாதோ அவர் சட்டியில்தான் அது அதிகம் சேருகிறது. இதை வெறும் சட்டத்தால் மட்டும் சரிசெய்துவிட முடியுமா என்று அதிகாரிகள் யோசிக்க வேண்டும்.

சட்டம் இருக்கிறது. 25 சதவீதத்துக்கு மேல் டி.பி.சி. ஏறிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. பொரிப்பதற்கு நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் செலவழிக்கும் நிறுவனங்கள் எவ்வளவு எடுத்தோம், எவ்வளவு கழித்தோம், யாரிடம் கொடுத்தோம் என்று 2019 மார்ச் 1 முதல் பதிவேடு வைக்க வேண்டும். கழித்த எண்ணெயை அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளரிடமே கொடுக்க வேண்டும். நம் உறுப்பினர்களில் பலருக்கு இந்தப் பதிவேடு விஷயம் இன்னும் தெரியாது.

சாக்கடையில் ஊற்றிவிட்டால் தொல்லை விட்டது என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2017-இல் லண்டன் நகரத்தின் வொயிட்சேப்பல் பகுதியில் பாதாளச் சாக்கடைக்குள் எண்ணெயும் கொழுப்பும் குப்பையும் இறுகிப் பாறைபோல் அடைத்துக்கொண்டது. 250 மீட்டர் நீளம், 130 டன் எடை. வெட்டியெடுக்க வாரக்கணக்கில் ஆயிற்று. நம் ஊர் வாய்க்கால் அந்த அளவுக்குத் தாங்காது.

கடலை எண்ணெயில் ஓடிய எஞ்சின்

சரி, அந்த வேறு வாசல் எது? வண்டிக்கு எரிபொருளாக்குவது.

இது புதுமை என்று பலர் நினைக்கிறார்கள். 1900-இல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியில் ஒரு சிறிய டீசல் எஞ்சினை நம் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். தாது எண்ணெய்க்காகச் செய்த எஞ்சின் அது. எந்த மாற்றமும் செய்யாமலே ஓடியது, பார்த்தவர்களில் பலருக்கு வித்தியாசமே தெரியவில்லை என்று ருடால்ஃப் டீசலே 1912-இல் எழுதிவைத்திருக்கிறார். ஆப்பிரிக்காவில் தன் ஆளுகையில் இருந்த நாடுகளில் கடலை நிறைய விளைந்ததால் பிரெஞ்சு சர்க்கார் இதில் ஆர்வம் காட்டியது. பிறகு பூமியிலிருந்து எடுத்த டீசல் மலிவாகக் கிடைத்ததும் கடலை எண்ணெயை மறந்துபோனார்கள். எங்கள் தகப்பனார் காலத்தில் ஆயில் எஞ்சின் வைத்துத்தான் செக்கு ஓட்டினார்கள். எண்ணெயை ஆட்டிய எஞ்சினே அந்த எண்ணெயில் ஓடியிருக்கும் என்று அன்றைக்கு யாரும் எங்களிடம் சொல்லவில்லை.

இன்றைய எஞ்சினில் எண்ணெயை அப்படியே ஊற்றக் கூடாது. டீசலைவிடப் பத்து மடங்குக்குக் குறையாமல் கனப்பாக ஓடும், நாசிலில் கரி பிடித்து அடைத்துக்கொள்ளும். அதனால் பக்குவம் செய்கிறார்கள். பழைய எண்ணெயைத் தெளியவிட்டு வடிகட்டி, சூடாக்கித் தண்ணீரைப் போக்குகிறார்கள். நாம் எண்ணெய் வாங்கும்போது பார்க்கும் அதே எஃப்.எஃப்.ஏ.யை அங்கேயும் பார்க்கிறார்கள். அதிகமிருந்தால் முதலில் அமிலம் கொண்டு ஒரு பக்குவம். பிறகு மெத்தனாலும் கொஞ்சம் காஸ்டிக்கும் சேர்த்து 60 டிகிரிச் சூட்டில் கலக்கி, அப்படியே விட்டால் கிளிசரின் அடியில் இறங்கிவிடும். மேலே நிற்பதுதான் பயோடீசல். அதைக் கழுவி ஈரம் போக்கினால் சரக்கு தயார். 100 கிலோ எண்ணெய்க்குப் பத்துப் பதினோரு கிலோ மெத்தனால் சேர்த்தால், ஏறக்குறைய 100 கிலோ பயோடீசலும் பத்துக் கிலோ கிளிசரினும் வரும். கிளிசரினுக்கும் மார்க்கெட் உண்டு. சேதாரக் கணக்குப் பார்க்கும் நமக்கு இது பிடித்தமான தொழில்தான். ஆனால் மெத்தனால் விஷம், தீயும் சட்டெனப் பிடிக்கும். கடைக்குப் பின்னால் ஒரு பேரலை வைத்து நாமே செய்துபார்ப்போம் என்று இளைஞர்கள் யாரும் இறங்கிவிட வேண்டாம்.

பயோடீசலில் கந்தகம் இல்லையென்றே சொல்லலாம், புகையும் கரியும் குறைவு. டீசலோடு கலந்து ஊற்றினால் எஞ்சினை மாற்ற வேண்டியதில்லை. குறை இல்லாமலும் இல்லை. லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் டீசலைவிடச் சக்தி கொஞ்சம் குறைவு, பழைய வண்டிகளின் ரப்பர் குழாய்களை அரிக்கும், பாமாயிலிலிருந்து வந்தது குளிரில் உறையும். விருதுநகர் வெயிலில் இந்தக் கடைசிக் குறை நமக்குக் கிடையாது.

இதைக் கொண்டு நாட்டின் டீசலையெல்லாம் ஈடுகட்டிவிடலாம் என்று யாராவது மேடையில் பேசினால் நம்பாதீர்கள். நாடு ஆண்டுக்குச் சுமார் 9 கோடி டன் டீசல் எரிக்கிறது. சாப்பிடும் எண்ணெய் மொத்தமே ஏறத்தாழ இரண்டரைக் கோடி டன். அதில் பெரும்பகுதி வயிற்றுக்குள் போய்விடுகிறது. மிஞ்சுவது சொற்பம். 2030-க்குள் டீசலில் 5 சதவீதம் பயோடீசல் கலக்க வேண்டும் என்று 2018-ஆம் ஆண்டின் உயிரி எரிபொருள் கொள்கை குறிவைத்தது. பழைய எண்ணெய் அதற்கு ஒரு பங்குதான் கொடுக்க முடியும். எங்களுக்கு அதுவே போதும். லாரிக்கு எவ்வளவு போகிறதோ அவ்வளவும் ஏழையின் வடைச் சட்டிக்குப் போகாத எண்ணெய்.

விலைதான் சிக்கல்

கழிவு எண்ணெயை எரிபொருளாக மாற்றும் ரூகோ திட்டத்தை உணவுப் பாதுகாப்புத் துறை 2018 ஆகஸ்ட் 10-இல் தொடங்கியது. அடுத்த ஆண்டு அதே தேதியில், அரசு எண்ணெய் நிறுவனங்கள் இந்தப் பயோடீசலை வாங்கிக்கொள்வதாக அறிவித்தன. முதல் ஆண்டு லிட்டர் 51 ரூபாய், அடுத்து 52 ரூபாய் 70 காசு, மூன்றாம் ஆண்டு 54 ரூபாய் 50 காசு. கொள்முதல் உறுதி என்றதும் சேகரிக்கும் ஆட்கள் கிளம்பினார்கள்.

கணக்கை நாமே போட்டுப்பார்க்கலாம். 51 ரூபாய்க்கு விற்பவர் அதில் மெத்தனால், கூலி, வண்டி வாடகை, சேதாரம் எல்லாம் கழித்துத்தான் பழைய எண்ணெய்க்கு விலை சொல்ல முடியும். மறுபடி சட்டிக்கு விற்கும் தரகருக்கு ஒரு வடிகட்டும் துணிதான் முதலீடு. அவர் எப்போதும் இரண்டு ரூபாய் கூடக் கொடுப்பார். 2022-இல் என்ன நடந்தது என்று நினைத்துப்பாருங்கள். இந்தோனேசியா ஏப்ரல் 28 முதல் மே 23 வரை பாமாயில் ஏற்றுமதியை நிறுத்திய நாட்களில் புது எண்ணெய் விலை எங்கே போயிற்று? அப்போது கறுத்த எண்ணெய்க்குக்கூடத் தரகர்கள் வரிசையில் நின்றார்கள். புது எண்ணெய் விலை ஏறும்போதெல்லாம் பழைய எண்ணெய் லாரியை விட்டுச் சட்டிக்குத் திரும்புகிறது. இதைச் சரிக்கட்ட மேலே இருப்பவர்கள் விலையைப் புது எண்ணெய் மார்க்கெட்டோடு சேர்த்து ஏற்றி இறக்க வேண்டும்.

வெளிநாட்டில் இதற்கு நேர்மாறான வேடிக்கை ஒன்று நடக்கிறது. ஐரோப்பாவில் கழிவிலிருந்து செய்த எரிபொருளுக்குச் சலுகை அதிகம். 2023 நவம்பர் 28-இல் லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு ஒரு பெரிய விமானமே பெரும்பாலும் கழிவுக் கொழுப்பிலிருந்து செய்த எரிபொருளில் பறந்தது. பழைய எண்ணெய்க்கு இவ்வளவு கிராக்கி வந்ததும், புதுப் பாமாயிலையே பழையது என்று சொல்லி விற்கிறார்களோ என்ற சந்தேகம் அங்கே எழுந்திருக்கிறது. பழையதைப் புதிது என்று விற்பதைத்தான் நம் ஆயுளில் பார்த்திருக்கிறோம்.

ஜப்பானில் கியோட்டோ நகராட்சி 1997-லேயே வீடுகளில் மிஞ்சும் பொரித்த எண்ணெயைத் தெருத்தெருவாகச் சேகரித்து, தன் குப்பை லாரிகளை அதில் ஓட்டியது. பிறகு நகரப் பேருந்துகளுக்கும் பயன்படுத்தினார்கள். அங்கே மக்கள் பாட்டிலைக் கொண்டுவந்து குறித்த இடத்தில் வைத்துவிடுகிறார்கள். நம் ஊரில் அப்படி ஓர் இடம் வேண்டுமானால் அது எங்கே இருக்க முடியும் என்று யோசித்தோம். புது டின் எங்கிருந்து புறப்படுகிறதோ அங்கேதான். எங்கள் வண்டி தினமும் டின்னை இறக்கிவிட்டு வெறுமனே திரும்புகிறது. கடைக்காரருக்கும் நமக்கும் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. தரகருக்கு இந்த வசதி கிடையாது.

இரண்டு பேரல்

சென்ற இரண்டு ஆண்டுகளாக எங்கள் குடோனுக்கு வெளியே, புதுச் சரக்கோடு சேராமல், தனிக் கொட்டகையில் இரண்டு பேரல் வைத்திருக்கிறோம். அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளர் ஒருவரின் பெயரில் சேகரிப்பு இடமாகப் பதிந்துகொண்டோம். வாடிக்கைக்காரர் கொடுக்கும் பழைய எண்ணெயை எடைபோட்டு, சேகரிப்பாளர் தரும் விலையை அப்படியே அவர் பற்றில் கழித்துவிடுகிறோம். எங்களுக்குக் கமிஷன் இல்லை. ரொக்கமாகக் கொடுப்பதைவிடக் கணக்கில் கழிப்பதில் ஒரு சௌகரியம் கண்டோம். இரண்டு ரூபாய் கூடத் தரும் தரகரிடம் போகலாமா என்று யோசிப்பவருக்கு, இங்கே பாக்கி குறைகிறது என்பது பெரிதாகத் தெரிகிறது.

முதல் மாதம் வந்தது மூன்றே டின். ஒரு பரோட்டாக் கடைத் தம்பி, "அண்ணாச்சி, வித்த சரக்கைத் திருப்பி வாங்குற ஒரே மொத்த வியாபாரி நீங்கதான்" என்று கேலி செய்தார். இப்போது மாதம் இருபது டின்னுக்குக் குறைவதில்லை. கேலி செய்த தம்பியின் டின்னும் அதில் உண்டு.

ஒருமுறை நன்றாக ஏமாந்தோம். ஒருவர் கொண்டுவந்த டின்னில் பாதி பாத்திரம் கழுவிய தண்ணீர். மேலே எண்ணெய் நின்றதால் கவனிக்காமல் பேரலில் கொட்டிவிட்டார்கள். தண்ணீர் சேர்ந்தால் பக்குவத்தில் சோப்பாகத் திரண்டுவிடும் என்று சொல்லிச் சேகரிப்பாளர் அந்தப் பேரலையே எடுக்க மறுத்துவிட்டார். அன்றுமுதல் ஒவ்வொரு டின்னிலும் அடியிலிருந்து ஒரு கரண்டி எடுத்துக் காய்ந்த கரண்டியில் விட்டுப்பார்க்கிறோம். பொரிந்து தெறித்தால் தண்ணீர் இருக்கிறது, டின் திரும்பிப் போகும்.

இரண்டு விஷயங்களை நம் சங்கம் அடுத்த செயற்குழுவில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கிறோம். ஒன்று, டி.பி.சி. பார்க்கும் கருவி. சூடான எண்ணெயில் முனையை வைத்தால் சதவீதத்தைக் காட்டிவிடும். தனிக்கடைக்குக் கட்டுபடியாகாத விலை. சங்கம் ஒன்று வாங்கிவைத்தால் உறுப்பினர்கள் முறைபோட்டுப் பார்த்துக்கொள்ளலாம். அதிகாரி வந்து பார்ப்பதற்கு முன் நாமே பார்த்துக்கொள்வது நல்லது. இரண்டு, வண்டிக்கடைக்காரர்களுக்கு அரை டின், கால் டின் அளவில் சில்லறையாக, டின் விலைக்கே புது எண்ணெய் கொடுப்பது. முழு டின்னுக்கு முதல் இல்லாததால்தான் அவர்கள் பழைய எண்ணெய்க்குப் போகிறார்கள். இதில் நமக்குக் கிலோவுக்குச் சில காசு நஷ்டம் வரும் என்று ஓர் உறுப்பினர் ஆட்சேபித்தார். வரத்தான் செய்யும். எங்கள் கடையில் மூன்று மாதமாகக் கொடுத்துப் பார்த்ததில், அந்த நஷ்டம் ஒரு நல்ல நாளின் சாக்குச் சேதாரத்தைத் தாண்டவில்லை.

அதுவரை, எங்கள் கொட்டகை வியாழக்கிழமை காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை திறந்திருக்கும். எங்களிடம் கொள்முதல் செய்யாத கடைக்காரர்களும் கொண்டுவரலாம், அவர்களுக்கு ரொக்கமாகத் தருவோம். எண்ணெயை ஆறவைத்து, வடிகட்டி, தண்ணீர் படாமல் மூடிக் கொண்டுவர வேண்டும். இன்ஜின் ஆயில், கிரீஸ் கலந்தது வேண்டாம். டின்னின் மேல் கடைப் பெயரைச் சீட்டில் எழுதி ஒட்டுங்கள். காலி டின் அன்றே திருப்பித் தரப்படும்.